ஏழாம் பாட்டிலில் வந்த தண்ணீர்: அரபிக்கடலில் ஓர் ஆக்சிஜன் விசாரணை

கொச்சியிலிருந்து கிளம்பிய ஓர் ஆய்வுக் கப்பல், லட்சத்தீவைத் தாண்டி வடக்கே, 15 டிகிரி அட்சரேகையை ஒட்டி நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. 400 மீட்டர் ஆழத்தில் மூடியதாகப் பதிவான ஒரு பாட்டிலில், அந்த ஆழத்தில் இருக்கவே முடியாத அளவு ஆக்சிஜன் இருந்தது. ராத்திரி ஷிப்டில் தெரியவந்த இந்தக் கோளாறுக்கு மறுநாள் காலையில்தான் காரணம் கிடைத்தது. கண்டுபிடித்தவர் டெக்கில் வேலை பார்த்த வல்லவிளைக்காரர். அதற்கு முன் பல வருஷம் தூண்டில் படகில் ஆழ்கடல் போனவர்.

நான் கேரள-தமிழ்நாடு எல்லையிலிருக்கும் பாறசாலைக்காரன். வேதியியல் படித்துவிட்டு, ஒப்பந்த வேலையாகக் கப்பலின் ஆய்வகத்தில் ஆக்சிஜன் அளக்கும் பொறுப்பில் இருந்தேன். பயண அறிக்கையில் இந்த நிகழ்வுக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி. அதில் ஏழாம் பாட்டில் சரியாக மூடவில்லை என்று இருக்கிறது. ஏன் மூடவில்லை, எப்படித் தெரிந்தது, யாருக்குத் தெரிந்தது என்பது இல்லை. அதனால்தான் இதை முழுசாக எழுதுகிறேன்.

ஆக்சிஜனுக்கு ஏன் இத்தனை பாடு?

அரபிக்கடலின் மேல்தண்ணீரில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. சுமார் 150 மீட்டருக்குக் கீழே போனால் கதை மாறிவிடும். அங்கிருந்து 1000 மீட்டர் வரைக்கும், சில இடங்களில் அதற்கும் கீழே வரைக்கும், ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று கிடக்கிறது. கடலின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் அது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பருவக்காற்று அடிக்கும்போது மேலே மிதவை உயிர்கள் ஏராளமாகப் பெருகும். அவை செத்துக் கீழே இறங்கும்போது பாக்டீரியா அவற்றைச் சிதைத்து, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வடக்குப் பக்கம் நிலம் அடைத்து நிற்பதால் புதுத் தண்ணீர் வந்து கலப்பதும் மெதுவாகத்தான். இன்னும் ஆழத்துக்குப் போனால் தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் மறுபடி கொஞ்சம் ஆக்சிஜன் கொண்டுவரும்.

ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் பாக்டீரியா நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதில் நைட்ரஜன் வாயுவோடு நைட்ரஸ் ஆக்சைடும் உண்டாகும். அது பூமியைச் சூடாக்கும் வாயு. இந்தியாவின் மேற்குக் கரையோரக் கடலில் இந்த வாயு மிகுதியாக உருவாவதைத் தேசியக் கடலியல் நிறுவனத்தின் நக்வியும் கூட ஆய்ந்தவர்களும் 2000-ல் உலகுக்குக் காட்டினார்கள்.

எங்கள் கரைக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையை ஒட்டி அடித்தண்ணீர் மேலே ஏறி வரும். அந்தத் தண்ணீரில் ஊட்டம் அதிகம். சாளை பெருகுவது அதனால்தான். ஆனால் அதே தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அடியில் வாழும் மீன்கள் இடம்பெயரும், மடிவலையில் மீன்பாடு குறையும். கடலியலாளர் கார்ல் பான்ஸே 1959-லேயே கொச்சிக் கடலை வைத்து இதை எழுதினார். ஆழத்தில் கிடக்கும் அந்த அடுக்கு வருஷத்துக்கு வருஷம் தடிக்கிறதா, மேலே ஏறுகிறதா என்பது பொழியூரிலிருந்து கொல்லம் வரைக்கும் வலை இழுக்கும் ஒவ்வொருவருடைய பிழைப்பையும் தொடும் கேள்வி.

அதற்குப் பதில் சொல்லப் பழைய கணக்குகள் வேண்டும். 1933-34-ல் மபாஹிஸ் என்ற எகிப்தியக் கப்பலில் போன ஜான் மர்ரே பயணம் இந்தக் கடலில் ஆக்சிஜன் அளந்தது. 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் பல நாட்டுக் கப்பல்கள் அளந்தன. அந்த ஆய்வில் சேகரித்த மிதவை உயிர்களைப் பிரித்துப் பார்க்கத்தான் கொச்சியில் ஒரு மையமே தொடங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் ஆக்சிஜன் அளந்த அடிப்படை முறையிலேயே இன்றைக்கும் அளக்கிறோம். ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-ல் சொன்ன முறை அது. அதனால்தான் தாத்தா காலத்து எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் எங்கள் எண்ணையும் அப்படி எடுத்துப் பார்ப்பார். தப்பான எண் ஒன்று உள்ளே போய்விட்டால், ஆழ்கடலில் ஆக்சிஜன் கூடியிருந்தது என்று அவர் நம்பவும் இடமுண்டு.

கப்பலும் ஆட்களும்

ஆய்வுக் கப்பலுக்கு ராத்திரி பகல் கிடையாது. ஒரு நாள் கப்பலை ஓட்டும் செலவு பெரிது. அதனால் நிலையம் (தண்ணீர் எடுக்கக் குறித்து வைத்த இடம்) வந்தால் எந்த நேரமானாலும் கருவி இறங்கும். எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கப்பல் ஓடும்போது தூக்கம் ஓரளவு வரும். நிலையத்தில் நிற்கும்போதுதான் ஆட்டம் அதிகம். கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் எந்திரம் வேறு படுக்கைக்குக் கீழே உறுமும். ஆய்வகத்தில் பென்சில் முதல் குடுவை வரைக்கும் எல்லாவற்றையும் கட்டியோ ஒட்டியோதான் வைக்க வேண்டும். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. குத்தரிசிச் சோறு, மீன்கறி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. பிரியாணி வந்தால்தான் வாரம் ஓடியது பலருக்கு உறைக்கும்.

டெக்கில் பாதிப் பேர் எங்கள் எல்லைப் பக்கத்து ஆட்கள். நீரோடி, வல்லவிளை, தூத்தூர், இந்தப் பக்கம் பொழியூர், பூவார். இரண்டு மாநிலத்துக் கார்டு இருக்கும், பேச்சு ஒன்றுதான். டெக் ஆட்களின் தலைவரான போசனிடம் மலையாளத்தில் ஆரம்பித்து, தங்களுக்குள் தமிழில் முடிப்பார்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் பேர் போனவர்கள். கொச்சி தோப்பும்படியில் படகைக் கட்டிக்கொண்டு, சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அந்த ஊர்களைப் போட்டுப் புரட்டியது. நான் சொல்லும் வல்லவிளை அண்ணன் அதற்குப் பிறகுதான் படகை விட்டுக் கப்பல் வேலைக்கு வந்தார். அதைப் பற்றி அவராகப் பேசமாட்டார், நாங்களும் கேட்டதில்லை.

தண்ணீர் எடுப்பது எப்படி என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு வட்டமான இரும்புச் சட்டம். அதைச் சுற்றிப் பன்னிரண்டு பெரிய பிளாஸ்டிக் பாட்டில்கள் செங்குத்தாக நிற்கும். நடுவில், கீழே, உப்பும் வெப்பமும் ஆழமும் ஆக்சிஜனும் அளக்கும் உணரிகள். எல்லாம் சேர்த்து சிடிடி என்போம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி. இரண்டையும் உள்ளே ஒரு ரப்பர் இழுத்துப் பிடித்திருக்கும். இறக்கும்போது மூடிகளைத் திறந்து, நைலான் சரடால் இழுத்து, நடுவிலுள்ள கொக்கியில் மாட்டிவிடுவார்கள். திறந்த பாட்டில் கீழே போகும். தண்ணீர் அதற்குள் புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். மேலே ஏறி வரும்போது வேண்டிய ஆழத்தில் நிறுத்தி, கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் கொக்கி சரடை விடும். ரப்பர் இழுக்க, இரண்டு மூடியும் டப்பென்று சாத்திக்கொள்ளும். 2000 மீட்டர் இறக்கவே அரை மணிக்கு மேலாகும். அங்கங்கே நிறுத்தி ஏற்றி முடிக்க இன்னும் ஒரு மணிக்கு மேல்.

அன்றைக்கு ஒன்றாம் பாட்டில் 2000 மீட்டரில். ஏழாம் பாட்டில் 400 மீட்டரில். பத்தாம் பாட்டில் 100 மீட்டரில். பன்னிரண்டாவது மேல்தண்ணீர்.

பழுப்பு நிறம்

பாட்டில் டெக்குக்கு வந்ததும் முதலில் எடுப்பது ஆக்சிஜன் மாதிரிதான். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். சிலிக்கான் குழாயைக் கண்ணாடிக் குடுவையின் அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, நன்றாக வழிய விட வேண்டும். உடனே மாங்கனீசுக் கரைசல், அப்புறம் காரம் கலந்த அயோடைடு. மூடிக் குலுக்கினால் உள்ளே திரி திரியாக வண்டல் உண்டாகும். ஆக்சிஜன் இருந்தால் வண்டல் பழுப்பாகும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தி. ஆக்சிஜன் இல்லையென்றால் வெள்ளையாகவே கிடக்கும். பிறகு அமிலம் விட்டு, பிரிந்து வரும் அயோடினைத் தயோசல்பேட்டால் அளந்தால் சரியான எண் கிடைக்கும். ஆனால் பழகிய கண்ணுக்குப் பாதி விடை குலுக்கிய நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

மரத்தட்டில் குடுவைகளை வரிசையாக வைத்திருந்தோம். 600 மீட்டர், வெள்ளை. 300 மீட்டர், வெள்ளை. நடுவில் 400 மீட்டர்க் குடுவை மட்டும் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் நின்றது. ஜோடியாக எடுத்த இரண்டாவது குடுவையும் அதே நிறம்.

ஷிப்டில் என்னோடு இருந்த ஆராய்ச்சி மாணவி கொச்சிக்காரப் பெண். "சேட்டா, சென்சார் அங்கே ஒன்றுமில்லை என்று காட்டியதே" என்றார். உண்மைதான். இறங்கும்போதும் ஏறும்போதும் உணரியின் கோடு அந்த ஆழத்தில் தரையோடு தரையாகத்தான் ஓடியது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உணரி சரியா என்று பார்க்கத்தான் நாங்கள் பாட்டில் தண்ணீரையே அளக்கிறோம். உரைகல் பாட்டில்தான். உணரியை நம்பிப் பாட்டிலைத் தள்ளிவிட்டால் பிறகு எதை வைத்து எதைச் சரிபார்ப்பது? பிடிக்காத எண்ணைக் காரணம் தெரியாமல் தூக்கி எறிவது ஆய்வில் மிகக் கெட்ட பழக்கம் என்பது என் உறுதியான எண்ணம். தலைமை விஞ்ஞானி மேடமும் அதையே சொன்னார். "காரணத்தோடு வாருங்கள், அப்புறம் முடிவு செய்வோம்."

சரி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கரைசல்களில் கோளாறா என்றால், பக்கத்துக் குடுவைகள் அதே கரைசலில் வெள்ளையாக நின்றன. நிரப்பும்போது காற்றுப் புகுந்ததா என்றால், இரண்டு குடுவையும் ஒரே எண்ணைக் காட்டின; புகுந்த காற்று அப்படி அளந்து புகாது. பாட்டில் ஒழுகுகிறதா என்பதை மாதிரி எடுக்கும் முன்பே பார்த்திருந்தோம். மேல் காற்றுத் திருகைத் திறக்காமல் கீழ்க் குழாயை அமுக்கினால் தண்ணீர் வரக் கூடாது. வரவில்லை. கீழ் மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றி, துடைத்து, விரலால் தடவிப் பார்த்தோம். கீறல் இல்லை.

அப்புறம் உப்பு. அது நல்ல சாட்சி. அரபிக்கடலின் வடக்கில் வெயிலில் ஆவியாகி உப்பேறிய தண்ணீர் கனத்து இறங்கி, மேல்தண்ணீருக்குக் கீழே 100 மீட்டரை ஒட்டித் தெற்கே பரவும். அதனால் அந்த ஆழத்து உப்புக்கும் 400 மீட்டர் உப்புக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். ஏழாம் பாட்டிலின் உப்பை அளந்தபோது, அது 400 மீட்டரில் உணரி காட்டியதோடு சேரவில்லை. பத்தாம் பாட்டிலின் உப்போடு சேர்ந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கேட்டும் ஆழத்துத் தண்ணீருக்கு உரிய அளவில் இல்லை. குடுவைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ஏழின் பழுப்பும் பத்தின் பழுப்பும் ஒன்று.

ஆக, பாட்டில் ஒழுகவில்லை. மூடியது உண்மை. மூடிய இடம்தான் வேறு. 400 மீட்டரில் கொக்கி விட்ட பிறகும் அது வாயைத் திறந்துகொண்டே 300 மீட்டர் ஏறி வந்து, 100 மீட்டரை ஒட்டி எங்கோ மூடியிருக்கிறது. கணினி காட்டும் பதிவு கொக்கி நகர்ந்ததற்குத்தான். மூடி சாத்தியதற்கு இல்லை. டெக்குக்கு வரும்போது எல்லாப் பாட்டிலும் ஒழுங்காக மூடியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

சுருள் மறக்காத சரடு

எப்படி என்பது விடிந்த பிறகும் புரியவில்லை. டெக்கில் வைத்து ஏழாம் பாட்டிலைத் திரும்பத் திரும்ப மாட்டி விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் டப், டப் என்று மூடியது. கொக்கியில் எண்ணெய், ரப்பரின் இழுவை, எல்லாம் சரி.

வல்லவிளை அண்ணன் காலைச் சாயா குடித்துவிட்டு அந்த வழியாக வந்தவர், கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு குனிந்து சரடை விரலில் சுற்றிப் பார்த்து, "இது புதுசா மாத்தின தங்கூஸ் அல்லவா மக்கா?" என்று கேட்டார்.

நைலான் சரடைத்தான் தூண்டில்காரர்கள் தங்கூஸ் என்பார்கள். ஆமாம். பழைய சரடு தேய்ந்திருந்ததால், சில நிலையங்களுக்கு முன் புதுச் சுருளிலிருந்து வெட்டி மாற்றியிருந்தார்கள்.

"இது இன்னும் சுருள மறக்கல்ல" என்றார். "டெக்குல வெயிலு. இப்ப இது பாவம் போல கெடக்கும். அடியில என்ன குளிரு இருக்கும்?"

2000 மீட்டரில் மூன்று டிகிரியை ஒட்டி இருக்கும், 400 மீட்டரிலும் பத்துப் பன்னிரண்டுதான் என்றேன். அவர் நேரே சமையலறைக்குப் போய் ஒரு வாளி ஐஸ் தண்ணீர் வாங்கி வந்தார். சரடை அதில் முக்கி, நேரம் விட்டு, கொக்கியில் மாட்டச் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் தளர்ந்து தொங்கிய சரடு, குளிர்ந்ததும் தான் இருந்த சிறிய சுருளின் வளைவுக்கே திரும்பியது. கொக்கிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு வளையம் எழும்பி நின்றது. அந்த வளையம் பாட்டிலைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்டின் தலைக்கு மேலாக இருந்தது. கட்டளை கொடுத்தோம். கொக்கி விட்டது. சரடு பாய்ந்து, வளையம் போல்ட்டில் விழுந்து இறுகியது. மூடி பாதியில் நின்றது. அண்ணன் சட்டத்தைக் காலால் ஓர் உதை விட்டார். வளையம் நழுவி, மூடி டப்பென்று விழுந்தது.

ஆழத்தில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கீழே கம்பி இறுக்கமாக இருக்கும், ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. மேலே வர வர, நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அலை சட்டத்தைத் தூக்கிப் போடும். 100 மீட்டரை ஒட்டி வந்த குலுக்கலில் வளையம் விட்டிருக்கிறது.

சரடை மாற்றியவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீளம் சரி, சரடின் முனையை நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் சரி. கையேட்டில் இருந்தபடியே செய்திருந்தார்கள். நைலான் குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்தக் கையேட்டில் இல்லை. அது தூண்டில்காரர்களுக்குத் தெரியும். கிலோமீட்டர் கணக்கில் தங்கூஸ் கடலில் கிடக்க, அதில் ஒரு வளையம் தப்பாக எழும்பினால் கொக்கியோடு கொக்கி சிக்கி ஒரு ராத்திரிப் பாடே போய்விடும் அவர்களுக்கு.

அப்புறம் செய்தவை

அண்ணன் பன்னிரண்டு பாட்டிலின் சரடையும் அவிழ்த்துப் போட்டார். புதிதாக வெட்டிய ஒவ்வொரு துண்டையும் வெந்நீரில் போட்டு எடுத்து, ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறு முனையைத் துணி சுற்றிய கையால் இழுத்துப் பிடித்துச் சுருளை எடுத்தார். கிரிம்ப்பை இடுக்கியால் ஒரே அழுத்தில் முடித்தார். போல்ட் தலைகளின் மேல் டேப் சுற்றினோம். அதற்குப் பிறகு அந்தப் பயணம் முடியும்வரை எந்தப் பாட்டிலும் இடம் மாறி மூடவில்லை.

புதுச் சரடு போட்ட நாளிலிருந்து எடுத்த எல்லா மாதிரிகளையும் உப்பை வைத்துத் திரும்பச் சரிபார்த்தோம். பெரும்பாலானவை நேராக இருந்தன. சேராதவற்றுக்கு நான்காம் எண் குறி போட்டோம். 1990-களில் உலகப் பெருங்கடல் சுழற்சி ஆய்வு நடந்தபோது வகுத்த குறிகள் இவை. பாட்டிலைப் பொறுத்தவரை இரண்டு என்றால் குறையில்லை, மூன்று என்றால் ஒழுகியது, நான்கு என்றால் சரியாக மூடவில்லை. எண்ணை அழிக்கவில்லை, குறியோடு அப்படியே விட்டோம். உணரி சொன்னதுதான் சரி என்பது மற்ற பாட்டில்களை வைத்து உறுதியானது.

கரைக்கு வந்த பிறகு வல்லவிளைக்குப் போனேன். ஏவிஎம் கால்வாயைத் தாண்டி, கடலுக்கு இந்தப் பக்கம் அண்ணன் வீடு. தென்னைக்குத் தென்னை தங்கூஸ் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவர் மச்சினன் மகன், படிப்பு முடிந்து தொழிலுக்கு வந்த பையன், கிரிம்ப் போட்டுக்கொண்டிருந்தான். எத்தனை நேரம் இழுத்து வைப்பீர்கள், எவ்வளவு தடிமனுக்கு எவ்வளவு இழுவை, எப்போது சரடைத் தூக்கி எறிவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அண்ணனுக்கு இது சிரிப்பாக இருந்தது. "இதெல்லாமா தம்பி எழுதுவ?" என்றார். அவருடைய மனைவி, "எழுதட்டும். கப்பலுக்காரங்களுக்கும் தெரியட்டும்" என்றார்.

எழுதியதை ஒரு பக்கமாகச் சுருக்கி, சரடு மாற்றும் கையேட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சேர்த்தும் விட்டார்கள். புதுச் சரடை இழுத்துச் சுருள் எடுத்த பிறகே மாட்ட வேண்டும். மாட்டியதும் ஐஸ் தண்ணீரில் முக்கி ஒரு தடவை விட்டுப் பார்க்க வேண்டும். முதல் இறக்கத்தில் எல்லாப் பாட்டிலின் உப்பையும் அளந்து உணரியோடு ஒப்பிட வேண்டும். இந்த மூன்றும் இப்போது விதி. நான் கேட்ட நான்காவது இன்னும் நடக்கவில்லை. அடுத்த பயண அறிக்கையில், யார் யார் மாதிரி எடுத்தார்கள், யார் அளந்தார்கள் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், சட்டத்தை இறக்கி ஏற்றி, சரடு கட்டிய டெக் ஆட்களின் பெயரும் ஷிப்ட் வாரியாக வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எந்தச் சரடை யார் எப்போது கட்டினார் என்பதும் அந்தத் தரவின் பகுதிதான். கடிதம் மேடத்தின் மேசையில் இருக்கிறது. அவர் ஒத்துக்கொண்டு மேலே அனுப்பியிருக்கிறார்.